பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள்!

ஒரு வீட்டில் தாத்தாவுக்கு 60 வயது நிறைகிறது. அறுபதாம் கல்யாணம் நடக்கிறது. பேரன் பேத்திகள் காலில் விழுந்து ஆசி வாங்குகிறார்கள்.

மறுநாள் காலையில் அவர் பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குக் கிளம்புகிறார். மகன் ஓடி வருகிறான். "உங்களுக்கு ஏன் அப்பா இந்த வேலை? உட்காருங்கள், நான் வாங்கி வருகிறேன்" என்று பையைப் பிடுங்கிக்கொள்கிறான்.

பாட்டி தண்ணீர்க் குடத்தில் கை வைத்தால் மருமகள் பதறுகிறாள். "நீங்கள் போய் உட்காருங்கள் அத்தை!" என்கிறாள்.

நல்ல மகன். நல்ல மருமகள். ஊரே மெச்சுகிறது.

ஆனால், பெரியவர்களுடைய உடம்பு மெச்சுவதில்லை! நாற்காலியில் நிரந்தரமாக உட்கார்ந்த நாளிலிருந்து அவர்களுடைய முதுமை வேகமாக ஓடத் தொடங்குகிறது. மரியாதை என்று நினைத்துக் கொடுக்கும் அந்த நாற்காலிதான் அவர்களுடைய காலைப் பறிக்கிறது.

இது சும்மா பயமுறுத்தும் பேச்சு அல்ல. விஞ்ஞானிகள் அளந்து பார்த்துச் சொன்ன உண்மை.

மூன்று வாரப் படுக்கை

அமெரிக்காவில் டல்லாஸ் என்று ஒரு நகரம். 1966-ம் ஆண்டில் அங்குள்ள டாக்டர்கள் ஒரு விசித்திரமான பரிசோதனை நடத்தினார்கள்.

5 வாலிபர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் வயது சுமார் 20. ஒரு நோயும் இல்லாதவர்கள். அவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். மூன்று வாரம் கட்டிலில் படுத்தே கிடக்க வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது.

மூன்று வாரம் முடிந்ததும் அவர்களுடைய சக்தியை அளந்தார்கள். கடுமையாக உழைக்கும்போது உடம்பு எவ்வளவு பிராணவாயுவை உபயோகிக்க முடியும் என்பதுதான் அந்த அளவு. படுக்கும் முன் அந்தச் சக்தி 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், எழுந்தபோது சுமார் 73 பங்குதான் இருந்தது!

பிறகு 8 வாரம் அவர்களுக்குக் கடும் பயிற்சி கொடுத்தார்கள். போன சக்தி திரும்பி வந்தது. பழைய அளவையும் தாண்டியது.

கதை அதோடு முடியவில்லை.

30 ஆண்டுகள் கழித்து, 1996-ல், அதே 5 பேரையும் தேடிப் பிடித்தார்கள். இப்போது அவர்களுக்கு வயது 50. எடை ஏறியிருந்தது. உடம்பில் கொழுப்பு இரண்டு மடங்கு ஆகியிருந்தது. மறுபடியும் அளந்தார்கள். 20 வயதில் 100 பங்காக இருந்த சக்தி, 50 வயதில் சுமார் 88 பங்காக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 30 ஆண்டு முதுமை தின்றது 12 பங்கு. 3 வாரப் படுக்கை தின்றது 27 பங்கு!

அதன்பின் அந்த 5 பேரும் 6 மாதம் நடந்தார்கள், மெதுவாக ஓடினார்கள், சைக்கிள் மிதித்தார்கள். 30 ஆண்டில் இழந்த சக்தியைத் திரும்பப் பெற்றார்கள். 20 வயதில் பயிற்சிக்குப் பிறகு தொட்ட உச்சத்தை மட்டும் அவர்களால் தொட முடியவில்லை.

5 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது என்பது சரி. ஆனால், பின்னால் நடந்த பல ஆராய்ச்சிகளும் அதே திசையைத்தான் காட்டின. "வயதாகிவிட்டது, முடியவில்லை" என்று சொல்வதில் ஒரு பகுதி வயதின் வேலை. மற்றொரு பகுதி நாற்காலியின் வேலை.

டிரைவரும் கண்டக்டரும்

டல்லாஸ் பரிசோதனைக்கு முன்பே லண்டனில் ஒரு டாக்டர் இதைக் கண்டுகொண்டார். அவர் பெயர் ஜெர்ரி மாரிஸ்.

இரண்டாவது உலகப் போர் முடிந்த சமயம். மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று டாக்டர்கள் திகைத்துக்கொண்டிருந்தார்கள். மாரிஸ் லண்டன் மாடி பஸ்களைக் கவனித்தார்.

ஒரே பஸ். ஒரே கம்பெனி. ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பத்திலிருந்து வந்த இரண்டு பேர். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்!

ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார் மாரிஸ். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. வந்த உடனே உயிரைப் பறிப்பதும் டிரைவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. 1953-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

பலர் நம்பவில்லை. "டிரைவர் வேலைக்குக் குண்டானவர்கள் வருகிறார்கள். அதனால்தான் மாரடைப்பு" என்றார்கள்.

மாரிஸ் என்ன செய்தார் தெரியுமா? பஸ் ஊழியர்களுக்குக் கொடுத்த யூனிபாரத்தின் அளவுக் கணக்கை எடுத்தார். டிரைவர்களுடைய கால்சட்டையின் இடுப்பு அளவு பெரியதாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒல்லிக் கண்டக்டருக்கும் ஆபத்து குறைவு. தொந்திக் கண்டக்டருக்கும் ஆபத்து குறைவு! படி ஏறியதுதான் காப்பாற்றியது.

தபால் இலாகாவையும் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுக்கும் தபால்காரருக்கு மாரடைப்பு குறைவு. உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாவுக்கு அதிகம்.

மாரிஸ் ஊருக்கு மட்டும் உபதேசம் செய்யவில்லை. தாமும் நடந்தார், நீந்தினார். 2009-ல் அவர் காலமானபோது அவருக்கு வயது 99.

உள்ளே என்ன நடக்கிறது?

மனித உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் அணு இரண்டாகப் பிரிகிறது. இரண்டு நான்காகிறது. பழையது போகப் புதியது வருகிறது.

இது முடிவில்லாமல் நடக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1961-ல் அமெரிக்க விஞ்ஞானி லியோனார்டு ஹேப்ளிக் அந்த எண்ணத்தை உடைத்தார். சோதனைச் சாலையில் வளர்த்த மனித அணுக்கள் சுமார் 50 தடவை பிரிந்ததும் நின்றுவிட்டன.

ஏன் நின்றன? அதற்கு ஒரு முக்கிய காரணம் பின்னால் தெரிந்தது. சேலைத் தலைப்பில் நூல் பிரியாமல் இருக்க முடிச்சுப் போடுகிறார்கள் அல்லவா? அதுபோல, அணுவுக்குள் இருக்கும் மரபு இழையின் நுனியிலும் ஒரு காப்பு இருக்கிறது. அணு ஒவ்வொரு தடவை பிரியும்போதும் அந்தக் காப்பு கொஞ்சம் தேய்கிறது. மிகவும் தேய்ந்துவிட்டால் அணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. இந்தக் காப்பு எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 3 விஞ்ஞானிகளுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரிவதை நிறுத்திய அணுக்கள் எல்லாம் செத்துப் போவதும் இல்லை. சில அப்படியே தங்கிவிடுகின்றன. கெட்ட பொருள்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்து அணுக்களையும் கெடுக்கின்றன. ரத்தக் குழாய் விறைக்கிறது. எலும்பு மெலிகிறது. இது வயதின் வேலை. இதை முழுதாக நிறுத்த இன்றுவரை வழி இல்லை.

இனி தசையைப் பாருங்கள்.

நடு வயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 60-க்கு மேல் வேகமாகக் கரைகிறது. அதிலும் சட்டென்று இயங்கும் தசை நார்கள்தான் அதிகமாக மெலிகின்றன. கால் தடுக்கியதும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அந்த நார்கள்தான்! இளைஞன் தடுக்கினால் தள்ளாடி நிற்கிறான். கிழவர் தடுக்கினால் விழுந்துவிடுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. அதன்பின் படுக்கை. படுக்கையில் இன்னும் தசை கரைகிறது.

தசை வெறும் சதை அல்ல. சாப்பிட்டதும் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும் பகுதியை எடுத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்து, சும்மாவும் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது.

ஒவ்வொரு தசை அணுவுக்குள்ளும் சின்னஞ்சிறு அடுப்புகள் எரிகின்றன. அவைதான் உடம்புக்குச் சக்தி கொடுக்கின்றன. வேலை கொடுத்தால் அடுப்புகள் பெருகும். வேலை இல்லாவிட்டால் குறையும். இதில் வயதைவிட வழக்கத்துக்குத்தான் பெரிய பங்கு. இங்கேதான் மனிதன் கை வைக்க முடியும்.

மருந்து உண்டா?

சாகாத மருந்தைத் தேடாத காலமே இல்லை.

1920-ல் பாரிஸ் நகரில் செர்ஜ் வோரோனாப் என்ற டாக்டர், குரங்கின் சுரப்பியை வெட்டி மனிதனுக்கு ஒட்டவைத்தார். இளமை திரும்பும் என்றார். பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பணம் போயிற்று. இளமை வரவில்லை.

இன்றைய விஞ்ஞானிகள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. அவர்களுடைய ஆராய்ச்சி நேர்மையானது. 2009-ல் ராபமைசின் என்ற மருந்தைக் கிழட்டு எலிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் ஆயுள் கூடியது. 2011-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், சீக்கிரம் முதுமை அடையும் எலிகளின் உடம்பிலிருந்து அந்தக் கெட்ட அணுக்களை நீக்கினார்கள். சில முதுமைக் கோளாறுகள் தள்ளிப்போயின.

ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. மனிதனுடைய ஆயுளை நீட்டும் என்று நிரூபிக்கப்பட்ட முதுமை மருந்து ஒன்றுகூட இன்னும் இல்லை. ராபமைசின், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு டாக்டர்கள் கொடுப்பது. கடையில் வாங்கி விழுங்கும் பொருள் அல்ல!

"இளமை திரும்பும்" என்று அச்சடித்த புட்டிக்குக் காசு கொடுக்கும் குடும்பம், அந்தக் காசில் அப்பாவுக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கினால் பலன் அதிகம்.

தொண்ணூறு வயதில் பளு தூக்கினார்கள்

"எல்லாம் சரி. வயது 80 ஆகிவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது.

1990-ம் ஆண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்று. டாக்டர் மரியா பியாடரோன் என்ற பெண்மணி அங்கே 10 பேரைச் சேர்த்தார். வயது 86 முதல் 96 வரை! அவர்களுக்கு வாரத்துக்கு 3 நாள் காலால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார். அருகில் ஆள் நின்று கவனித்துக்கொண்டார்கள்.

8 வாரத்தில் அவர்களுடைய கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. தடி ஊன்றி நடந்தவர்களில் 2 பேர் தடியை வைத்துவிட்டு நடந்தார்கள்!

1994-ல் அவரும் மற்ற டாக்டர்களும் 100 முதியவர்களை வைத்து மறுபடி சோதித்தார்கள். சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி. சிலருக்குச் சத்துப் பானம். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் கூடியது. படி ஏறுவது எளிதாயிற்று. வெறும் சத்துப் பானம் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை.

டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார வைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனை நாள் அல்ல, எப்படி?

சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். குழந்தைகள் ஏராளமாக இறந்ததே அதற்குப் பெரிய காரணம். இன்று அது சுமார் 70. அம்மை ஊசியும், நல்ல தண்ணீரும், ஆஸ்பத்திரியும் கொடுத்த பரிசு இது.

ஆனால் கூடிய ஆண்டுகள் எல்லாம் நல்ல ஆண்டுகளா? உலகச் சுகாதார நிறுவனம் 2019-க்குப் போட்ட கணக்குப்படி, உலக மக்களின் சராசரி ஆயுள் சுமார் 73. அதில் நல்ல ஆரோக்கியத்தோடு வாழ்வதற்குச் சமமானது சுமார் 63. மீதி 10 ஆண்டு, நோயும் முடக்கமும் தின்பது.

நடந்தால் சாவு வராது என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹாலோசி எலிகளுக்குச் சக்கரம் கொடுத்து ஓட விட்டார். ஓடிய எலிகளின் சராசரி ஆயுள் கூடியது. ஆனால் எலி இனத்தின் ஆயுள் எல்லையை எந்த எலியும் தாண்டவில்லை.

ஆகவே, கேட்க வேண்டிய வரம் சாகாமை அல்ல. கடைசி வரை தன் காலால் நடந்து, தன் கையால் சாப்பிட்டு, தானே குளித்து வாழும் வரம். அந்த வரத்தின் பெரும் பங்கு குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

வேலை வாங்குவது வேறு

இதைச் சாக்காக வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் வேலை வாங்கக் கூடாது. மாமியாரைச் சமையல்காரி ஆக்குவதும், மாமனாரைக் கடைப் பையன் ஆக்குவதும் விஞ்ஞானம் அல்ல, அநியாயம்!

40 ஆண்டு வயலில் குனிந்து நாற்று நட்ட மூதாட்டிக்கும், மூட்டை சுமந்த தொழிலாளிக்கும் ஓய்வு கட்டாயம் வேண்டும். அவர்களுடைய முதுகும் முழங்காலும் ஏற்கெனவே தேய்ந்தவை. அவர்களுக்கு வேண்டியது பளு அல்ல. வலிக்காத அளவில் நடை.

நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சொல்கிற அளவுதான் அளவு.

குடும்பம் செய்ய வேண்டியது

காய்கறிப் பையைப் பிடுங்காதீர்கள். கூடவே நடந்து போங்கள். கனமான பையை நீங்கள் தூக்குங்கள். கறிவேப்பிலையை அப்பா தூக்கட்டும்!

65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடப்பது போன்ற பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அது முடியாதவர்கள் முடிந்த அளவு நடக்கலாம். கொஞ்சமும் நடக்காததைவிட, கொஞ்சம் நடப்பது மேல்.

கால் பலத்துக்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து நிற்பது, மெதுவாக உட்காருவது. சுவர் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டால் பயம் இல்லை. 5 தடவையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

முடிகிறவர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்காரும் வழக்கத்தை விட வேண்டாம். பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயது வரை 2,000 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வெளியாயிற்று. கை ஊன்றாமல் எழுந்தவர்களைவிட, எழத் திணறியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதிகமாக இறந்திருந்தார்கள். எழ முடியாததே சாவுக்குக் காரணம் என்று அர்த்தம் அல்ல. கால் பலம், உடம்பின் நிலையைக் காட்டும் கண்ணாடி.

பருப்பு, முட்டை, மீன், பால், சுண்டல் - எது கிடைக்கிறதோ அது தட்டில் இருக்கட்டும். "வயதானவருக்குக் கஞ்சி போதும்" என்பது தவறு. தசை, கஞ்சியால் மட்டும் வளராது.

குளிக்கும் அறையில் வழுக்காத தரையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்க்க வேண்டும்.

புகையை விட வேண்டும். பிரிட்டிஷ் டாக்டர்களையே 50 ஆண்டு கவனித்து, ரிச்சர்டு டால் என்ற நிபுணர் 2004-ல் வெளியிட்ட கணக்கு இது: புகை பிடித்தவர்கள் சராசரியாகச் சுமார் 10 ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள். 50 வயதில் விட்டவர்கள் சுமார் 6 ஆண்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குக்கூடச் சுமார் 3 ஆண்டு லாபம்!

ஊரை ஆள்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது? நடைபாதையில் கடை, கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள். தெருவில் இறங்கினால் லாரி. ஒழுங்கான நடைபாதையும், இடையிடையே உட்கார ஒரு பெஞ்சும் கொடுத்தால், அது ஆஸ்பத்திரி கட்டுவதற்குச் சமமான தருமம்.

தொடங்க வேண்டிய நாள்

முதுமை வராமல் இருக்காது. முடி நரைக்கும். தோல் சுருங்கும். அது இயற்கை. அதில் வெட்கம் இல்லை.

ஆனால், வரவேண்டிய முதுமைக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு அதை வரவேற்க வேண்டுமா?

30 வயதில் இருக்கும் மகனும் மருமகளும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவர்களுடைய தசையும் இன்றோ நாளையோ கரையத் தொடங்கப் போகிறது. அப்பாவோடு நடக்கும் மகன், அப்பாவுக்காக மட்டும் நடக்கவில்லை.

இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் செருப்பை எடுத்து வையுங்கள். "வாங்க அப்பா, தெருக்கோடி வரை போய் வரலாம்" என்று கூப்பிடுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடங்கள்.

அதுதான் மரியாதை!